செங்குத்து – 7: உளி பட்ட பாறை

சென்ற வாரம் காகசஸ் மலையில் நின்றோம். 1947-ல் தோம்பாய் என்ற இடத்தில் இவான் அந்தோனோவிச் என்பவர், மலையேறப் பழக வந்தவர்களைப் பாறைக்கு முன்னால் நிறுத்தி, யார் முதலில் மேலே போவது என்று போட்டி வைத்தார். அதிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்கென்று ஒரு தேசியச் சாம்பியன்ஷிப் வளர்ந்தது. காலில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ரப்பர் கலோஷ், கீழே கடிகாரத்தோடு நடுவர். அந்தக் களத்தின் நாயகர் மிகாயில் ஹெர்கியானி 1969-ல் இத்தாலியின் டோலமைட் மலையில் இறந்துபோனார்.

1976-ல் கருங்கடல் கரையிலுள்ள காக்ராவுக்கு வெளிநாட்டாரையும் அழைத்துப் போட்டி நடத்தினார்கள். அதன் பிறகும் மேற்கு ஐரோப்பாவில் ஒன்பது வருஷம் பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. ஏன் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

காரணம் சோம்பல் இல்லை, வசதிக் குறைவும் இல்லை. அங்கே ஏறுகிறவர்களில் கெட்டிக்காரர்களே போட்டியைக் கேவலமாக நினைத்தார்கள்.

பத்தொன்பது பேர்

1980களின் தொடக்கத்தில் பாறையேற்றத்துக்குத் தலைநகரம் என்று ஒன்று இருந்திருந்தால், அது தெற்கு பிரான்ஸ்தான். வெர்தோன் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறை நூற்றுக்கணக்கான மீட்டர் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதைச் சுற்றிக் கூடாரத்திலும் பழைய வேனிலும் குடியிருந்துகொண்டு, விடிந்தால் பாறை, இருட்டினால் தூக்கம் என்று ஓர் இளைஞர் கூட்டம் வாழ்ந்தது.

அவர்களில் பாத்ரிக் எட்லிங்கர் என்பவரை வைத்து 1982-ல் ஒரு படம் வந்தது. கயிறில்லாமல், விரல் நுனியை நம்பி அவர் பாறையில் போவதைப் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தன. மலையேற்றம் என்றால் பனிக்கோடரியும் தாடியும் என்று நினைத்திருந்தவர்கள், பாறையேற்றம் தனிக் கலை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

பெயர் வந்தால் பின்னாலேயே பணமும் வரும். பணம் வருகிற இடத்தில், இவர்களில் யார் பெரியவர் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். போட்டி வைக்கலாமே என்ற பேச்சு அடிபடத் தொடங்கியது.

அதற்குப் பதிலாக 1985-ல் ஓர் அறிக்கை வெளியானது. கையெழுத்திட்டவர்கள் பத்தொன்பது பேர். பாத்ரிக் பெர்ஹோ, ழான்-பாப்திஸ்த் திரிபூ, லெ மெனெஸ்த்ரெல் சகோதரர்களான அந்துவானும் மார்க்கும் என்று அன்றைய முன்னணிப் பட்டியல் ஏறக்குறைய அதில் இருந்தது. எட்லிங்கர் பெயர் இல்லை.

அறிக்கையின் சாரம் எளியது. பாறைக்கு முன்னால் நிற்கிறவன் தன் எல்லையைத்தான் தேடுகிறான். அங்கே நடுவருக்கும் கடிகாரத்துக்கும் தரவரிசைக்கும் வேலை கிடையாது. மற்ற விளையாட்டுகள் போன வழியில் இதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இதை இளமையின் வீம்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தூத்துக்குடிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகப் பனை ஏறினவர்கள் இருக்கிறார்கள். காலில் திளாப்பு, இடுப்பில் பாளை அரிவாள், ஒரு நாளைக்கு எத்தனையோ மரம். யார் வேகமாக ஏறுகிறார் என்று அவர்களிடம் கேட்டால், பதநீர் பாழாகாமல் கீழே வருகிறவன்தான் நல்ல ஏறி என்று பதில் வரும். ஏற்றத்துக்குத் தனக்கென்று ஒரு நியாயம் இருக்கிறபோது, வெளியாள் கொண்டுவரும் அளவுகோல் கொஞ்சம் ஆபாசமாகத்தான் தெரியும்.

கையெழுத்திட்ட பத்தொன்பது பேரில் கேத்தரின் தெஸ்திவெலும் ஒருவர். அல்ஜீரியாவின் ஓரான் நகரில் பிறந்தவர், 24 வயது, தொழில் பிசியோதெரபி. இந்தப் பெயர் இந்தப் பகுதி முழுக்க நம்மோடு வரும்.

பள்ளத்தாக்கில் ஒரு ஜூலை

மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், இத்தாலியின் தூரின் நகரத்தில் இரண்டு பேர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எமானுவேலே கஸ்ஸரா, விளையாட்டுப் பத்திரிகையாளர். மற்றவர் ஆந்திரேயா மெல்லானோ, 1962-ல் ஐகர் சிகரத்தின் வடக்கு முகத்தில் ஏறிய முதல் இத்தாலியக் குழுவில் இருந்தவர்.

இந்த ஜோடிப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். பத்திரிகைக்காரர் மட்டும் என்றால் ஏறுகிறவர்கள் மதித்திருக்க மாட்டார்கள். மலைக்காரர் மட்டும் என்றால் கூட்டம் சேர்ந்திருக்காது.

1985 ஜூலையில் பர்தோனெக்கியா என்ற மலையூரில் போட்டி என்று அறிவித்தார்கள். பெயர் ஸ்போர்த்ரோச்சா. களம், ஊருக்கு மேலே வாலே ஸ்த்ரெத்தா பள்ளத்தாக்கில் உள்ள மிலீத்தி பாறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டியில் போக நல்ல பாதை இத்தாலிப் பக்கம்தான். ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1947-ல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அதை எடுத்துப் பிரான்ஸிடம் கொடுத்துவிட்டது. ஆக, பிரெஞ்சு ஏறிகள் வேண்டாம் என்று சொன்ன போட்டியை, இத்தாலிக்காரர்கள் பிரெஞ்சு மண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டி நாளில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பார்க்கவும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பாறையேற்றம் அதுவரை கண்டிராத கூட்டம். பாறையில் ஏறுகிறவனுக்குப் பின்னால் எப்போதும் நிற்பது கயிறு பிடிக்கும் நண்பன் ஒருவன்தான். இப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு திருவிழாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆண்களில் வென்றவர் மேற்கு ஜெர்மனியின் ஸ்டெஃபான் குளோவாட்ஸ். வயது 20.

பெண்களில் வென்றவர் கேத்தரின் தெஸ்திவெல்.

ஆம், அதே தெஸ்திவெல்தான். போட்டி கூடாது என்று கையெழுத்துப் போட்டவர் போட்டிக்கு வந்தார், வென்றார், கோப்பையோடு போனார். அடுத்த வருஷம் திரும்ப வந்து மறுபடியும் வென்றார்.

வாக்குத் தவறினார் என்று சொல்லலாம். சொன்னவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பின்னாளில் அவர் செய்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். சில வருஷங்களிலேயே போட்டிகளை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார். 1992 மார்ச்சில், குளிர்காலத்தில், ஐகரின் வடக்கு முகத்தைத் தனியாளாக 17 மணி நேரத்தில் ஏறி முடித்தார். அங்கே நடுவரும் இல்லை, கைதட்டலும் இல்லை. அறிக்கையில் எழுதியதையும் வாழ்ந்தார், அறிக்கை மறுத்ததையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தார். ஏறுகிறவர்களுக்கு ஆசை விட்டுப்போகாது. ஒரு பாறையைத் தொடாதே என்று சொன்னால் அதைத் தொட்டுப் பார்க்கிற ஜாதி அது.

தெஸ்திவெல் மட்டுமில்லை. அறிக்கையில் பெயர் இருந்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இடுப்பில் வார் கட்டிக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். அந்துவான் லெ மெனெஸ்த்ரெல் இன்னும் ஒரு படி மேலே போனார். போட்டியாளர்கள் ஏற வேண்டிய பாதைகளை வடிவமைத்துக் கொடுக்கும் வேலையையே செய்தார்.

அறிக்கை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அது எழுப்பிய சந்தேகம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. அதற்கு உளிச் சத்தம் காரணம்.

உளி

போட்டி நடத்துகிறவரின் இடத்தில் நின்று யோசியுங்கள்.

முதல் நிபந்தனை, யாரும் அதற்கு முன் ஏறியிராத பாதை வேண்டும். ஏற்கெனவே ஏறிப் பழகினவனுக்கு ஒவ்வொரு பிடியும் மனப்பாடம். புதியவனோடு அவனை மோதவிட்டால் அது போட்டியாகாது.

இரண்டாவது, அந்தப் பாதை சரியான அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். எல்லாரும் உச்சிக்குப் போய்விட்டால் வெற்றியாளர் யார்? எல்லாரும் மூன்றாவது மீட்டரிலேயே விழுந்துவிட்டால் கூட்டம் எதைப் பார்க்கும்? ஆட்களை ஒவ்வொருவராக உதிர்த்து, கடைசியில் ஒருவரை மட்டும் மேலே விடுகிற பாதை வேண்டும்.

மூன்றாவது, கூட்டம் நிற்கிற இடத்திலிருந்து அது தெரிய வேண்டும்.

இயற்கை இந்த மூன்று விண்ணப்பத்தையும் சேர்த்து நிறைவேற்றித் தருமா? தராது. ஒரு பாறையில் கீழே பாதி அருமையாக இருக்கும், நடுவில் மொட்டையாக நின்றுவிடும். இன்னொன்றில் நடுவில் அகலமாக ஒரு பிடி இருந்து போட்டியாளர் ஓய்வெடுத்துவிடுவார்.

அதனால் செய்தார்கள். பிடி இல்லாத இடத்தில் உளி வைத்துக் குழி பறித்தார்கள். பிடி பெரிதாக இருந்த இடத்தில் தட்டிச் சின்னதாக்கினார்கள். மறைத்த செடிகொடிகள் போயின. இரண்டு நாள் போட்டிக்காகப் பாறையில் விழுந்த வடு, பாறை இருக்கும்வரை இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குக் கழுகுமலை நினைவுக்கு வந்தது. வராமல் இருக்குமா? இடைசெவலிலிருந்து கோவில்பட்டி போய் மேற்கே திரும்பினால், கரிசல் வெளியில் தனியாக எழுந்து நிற்கிற குன்று. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் அங்கே மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து வெட்டுவான் கோயிலை எடுத்தார்கள். ஒரே கல்லில், அடித்தளம்வரை வந்து முடிக்காமல் விட்ட வேலை. பக்கத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கேயும் பட்டது உளிதான்.

உளி படுவதே பாவம் என்றால் நம் மலைகள் பாதியைப் பூட்ட வேண்டியிருக்கும். எதற்காகப் பட்டது, எத்தனை காலத்துக்காகப் பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிற்பி கல்லைத் தொட்டது அங்கே தங்கப்போகிற ஒன்றுக்காக. போட்டிக்காரர் தொட்டது சனி, ஞாயிறு கழிந்தால் கழற்றிக்கொண்டு போகிற கூத்துக்காக. இன்றைக்குக் கழுகுமலையில் ஒருவர் போல்ட் அடிக்கப் போனால் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது.

ஐரோப்பாவிலும் இந்தக் குமுறல் எழுந்தது. போட்டியை எதிர்த்தவர்கள் மட்டும் பேசியிருந்தால் எடுபட்டிருக்காது. போட்டியில் ஏறியவர்களே முகம் சுளித்தார்கள். செதுக்கிய பிடியில் விரலை வைக்கிறபோது தெரிந்துவிடும், இதை மழையும் காற்றும் செய்யவில்லை என்று.

1986-ல் பர்தோனெக்கியாவோடு ஆர்கோ என்ற ஊரிலும் போட்டி நடந்தது. அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து லின் ஹில் முதல்முறையாக வந்தார். ஆர்கோவில் தெஸ்திவெலிடம் தோற்றார். நடுவே விதிகளை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் தோற்றேன் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் அதே ஆர்கோவில் ராக் மாஸ்டர் என்ற பெயரில் போட்டி தொடங்கியபோது, பெண்களில் முதலிடம் லின் ஹில், ஆண்களில் குளோவாட்ஸ்.

1987-ன் அந்த முதல் ராக் மாஸ்டர், கொலோத்ரி என்ற நிஜப் பாறையில் நடந்தது. மறுவருஷம் அதே ஊர், அதே போட்டி. பாறைதான் இல்லை.

தாழ்வாரத்துச் சுவர்

பாறை எங்கே போயிற்று என்று பார்க்க, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு, 1964-க்குப் போக வேண்டும்.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்று உடற்கல்வி விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். மழையும் குளிரும் உள்ள ஊரில் மாணவர்கள் பாறைக்குப் போகிற நாள்கள் குறைவு. கட்டடத்துக்குள் தாழ்வாரம் ஒன்று இருந்தது. அதன் செங்கல் சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிஜப் பாறைத் துண்டுகளைப் பதித்தார். சில செங்கற்களை உள்ளே தள்ளினார், சிலவற்றை வெளியே நீட்டவிட்டார். மாணவர்கள் வகுப்புக்குப் போகிற வழியில் ஏறிப் பழகினார்கள்.

அதில் பழகியவர்கள் வசந்தகாலத்தில் வெளியே பாறைக்குப் போனபோது, பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்தவர்களின் விரலுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது?

ராபின்சன் அமைத்தது போட்டிக்கான சுவர் இல்லை. அதற்கு இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பிளைவுட் பலகையும் பிசினும் வந்துவிட்டன. மணலும் ரெசினும் கலந்து அச்சில் வார்த்தால், கைக்குப் பாறைபோலவே சொரசொரக்கும் ஒரு பிடி கிடைக்கும். பலகை முழுக்கத் துளையிட்டு, பின்பக்கம் நட்டு பதித்து, முன்பக்கம் பிடியை வைத்து ஒரு போல்டில் முடுக்கினால் தீர்ந்தது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. பிரான்ஸில் பிரான்சுவா சாவினி 1985-லேயே இதற்காக ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டார். பத்தொன்பது பேர் கையெழுத்திட்ட அதே வருஷம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் அந்தச் சின்னப் போல்டில் இருக்கிறது என்பேன்.

நடத்துகிறவரின் மூன்று நிபந்தனைகளும் ஒரே அடியில் தீர்ந்தன. யாரும் ஏறாத பாதையா? முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து புதிதாக முடுக்கிக்கொள்ளலாம். கடினம் கூடிப்போயிற்றா? ஒரு பிடியைக் கழற்றிப் பெரிதாக ஒன்றை மாட்டு. கூட்டத்துக்குத் தெரியவில்லையா? சுவரையே கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்து.

1986-ல் பிரான்ஸின் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில், வோ-ஆன்-வெலானில் முதல் உள்ளரங்கப் போட்டி நடந்தது. 1988-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு ஊரில், ஜெஃப் லோ ஒரு ஓட்டல் கட்டடத்தின் வெளிச்சுவரையே களமாக்கினார். ஜன்னல் வைத்துக் கட்டிய கட்டடத்தின் பக்கவாட்டில் பலகையும் பிடியுமாக உயரமாய் ஒரு பாதை. நூற்றுக்கணக்கான கண்கள் பார்க்க ஒவ்வொருவராக விழுந்தார்கள். இறுதிச் சுற்றில் உச்சியைத் தொட்டவர் எட்லிங்கர் ஒருவரே. பெண்களில் தெஸ்திவெல்.

கயிறில்லாமல் வெர்தோன் பாறையில் திரிந்த எட்லிங்கர், ஒரு ஓட்டல் சுவரில் ஏறித் தன் பெயரை நிலைநாட்டினார். ஆறு வருஷத்துக்குள் இவ்வளவு தூரம்.

பூட்டிய அறை

பலகை வந்ததும் விளையாட்டின் சட்டங்களும் இறுகின.

போட்டியாளர்களை முதலில் ஒரு தனியறையில் அடைத்துவிடுவார்கள். முன்னால் போனவர் எப்படி ஏறினார், எங்கே விழுந்தார் என்று பின்னால் வருகிறவர் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் பாதையைக் கீழிருந்து பார்க்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையைக் காற்றில் அசைத்து அசைத்து மனசுக்குள் ஏறிப் பார்ப்பார்கள். பிறகு அறைக்குள். பெயர் கூப்பிட்டால் வெளியே வந்து, கயிறு கட்டி, ஒரே ஒரு முயற்சி. விழுந்தால் முடிந்தது. எந்தப் பிடிவரை கை போயிற்றோ அதுதான் மதிப்பெண்.

ஊர்த் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுகிறவனுக்குக்கூட இரண்டாம், மூன்றாம் வாய்ப்பு உண்டு. முன்னால் ஏறினவன் எண்ணெயைத் துடைத்துவிட்டும் போயிருப்பான். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

1989-ல் சர்வதேச மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு உலகக் கோப்பையைத் தொடங்கியது. அந்த வருஷச் சுற்றில் லீட்ஸ் நகரமும் ஒரு களம். தாழ்வாரச் சுவர் பிறந்த ஊர். அங்கே வென்றது இங்கிலாந்தின் சொந்தப் பிள்ளை ஜெர்ரி மொஃபாட். வருஷக் கடைசியில் ஒட்டுமொத்தக் கோப்பை இன்னொரு இங்கிலாந்துக்காரரான சைமன் நாடினுக்குப் போயிற்று. 1991-ல் பிராங்க்பர்ட்டில் முதல் உலகச் சாம்பியன்ஷிப். பிரான்ஸின் பிரான்சுவா லெக்ராந்தும் சுவிட்சர்லாந்தின் சூசி கூடும் வென்றார்கள். காகசஸில் பிறந்த வேகப்போட்டிக்கும் அங்கே தனி இடம் கிடைத்தது.

அதற்குள் சர்வதேசப் போட்டிகள் பாறையை விட்டு விலகிப் பலகைக்கே வந்துவிட்டன. மிலீத்தி பாறையிலும் கொலோத்ரியிலும் பட்ட வடுக்களுக்கு அதுதான் பிராயச்சித்தம்.

பத்தொன்பது பேரும் ஒருவகையில் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தோன்றும். பாறை அவர்கள் கேட்டபடி பாறையாகவே விடப்பட்டது. பாறையே இல்லாத ஊர்களிலும் சுவர் எழும்பும் என்பதை மட்டும் அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சமவெளிக்கு வந்த சுவர்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் மலையேற்றம் என்பது அரசாங்கத்தின் பிள்ளை. டென்சிங் நார்கே எவரெஸ்ட் ஏறிய மறுவருஷம், 1954-ல், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் வந்தது. நேரு அதில் தனி அக்கறை காட்டினார். டென்சிங் அங்கே களப்பயிற்சிக்குத் தலைவரானார். 1965-ல் உத்தரகாசியில் நேரு பெயரில் இன்னொரு நிலையம். டெல்லியில் இந்திய மலையேற்ற அறக்கட்டளை. எங்கே பார்த்தாலும் ராணுவ அதிகாரிகள், பனிச்சிகரங்கள், கொடி நாட்டும் புகைப்படங்கள். 1984 மே மாதம் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அந்தப் பெருமை உச்சத்துக்குப் போயிற்று.

பர்தோனெக்கியாவுக்கு ஒரு வருஷம் முன்னால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாறையேற்றத்துக்குத் தனிக்கொடி ஏற்றலாமா என்று சண்டை. இங்கே பாறை என்பது பனிக்குப் போவதற்கு முன்னால் கை பழகிக்கொள்ளும் இடம். டார்ஜிலிங்கில் டென்சிங் பாறை என்று ஒன்றே இருக்கிறது. மாணவர்கள் அதில் ஏறிப் பழகிவிட்டு மலைக்குப் போவார்கள். அதிலேயே ஏறிக்கொண்டிருந்தால், எப்போது நிஜமான மலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்பார்கள்.

காகசஸில் அந்தோனோவிச் இருந்த இடமும் ஏறக்குறைய இதேதான். மலையேறப் பழக வந்தவர்களுக்குப் பாறையில் ஒரு பயிற்சி. அங்கே அது போட்டியாகி, தேசியச் சாம்பியன்ஷிப்பாகியது. இங்கே நாற்பது வருஷம் பயிற்சியாகவே இருந்தது.

திருப்பிவிட்டது அந்தப் பலகைதான். உலகக் கோப்பையும் உலகச் சாம்பியன்ஷிப்பும் வந்தபின், அந்தச் சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினரான இந்திய மலையேற்ற அறக்கட்டளை சும்மா இருக்க முடியவில்லை. 1990களில் ஸ்போர்ட் கிளைம்பிங் என்ற பெயரில் நம் நாட்டிலும் தேசியப் போட்டிகள் தொடங்கின. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று மண்டலம் பிரித்தார்கள். மண்டலத்தில் தேறினவர்கள் தேசியப் போட்டிக்கு. தமிழ்நாடு தெற்கு மண்டலத்தில்.

மண்டலம் பிரிப்பது காகிதத்தில் சுலபம். சுவர் வேண்டுமே! பிளைவுட் விலை அதிகமில்லை. ஆனால் கயிறு, போல்ட், ஏறுகிறவர் காலில் போடும் தனி ஷூ, நிமிர்ந்து நிற்கும் இரும்புச் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே பிடிகளை முடுக்கிப் பாதை அமைக்கத் தெரிந்த ஆள். இதெல்லாம் ஓர் ஊரில் சேர வேண்டும்.

தெற்கே அது சேர்ந்த ஊர் பெங்களூரு. நகரின் நட்டநடுவில், கண்டீரவா ஸ்டேடிய வளாகத்துக்குள், கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா தேசியச் சாகச அகாடமியின் பொறுப்பில் ஒரு சுவர் எழும்பியது. பக்கத்திலேயே ஓட்டக்களம், வெளியே பஸ் ஹாரன். பனி கிடையாது, சிகரம் கிடையாது. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பையைக் கீழே போட்டுவிட்டு ஏறினார்கள்.

பெங்களூருக்குப் பாறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் போனால் ராமநகரம், 'ஷோலே' படம் எடுத்த கருங்கல் குன்றுகள். இன்னும் மேலே போனால் சித்ரதுர்கா கோட்டை. அந்தக் கோட்டைச் சுவரில் கயிறு எதுவும் இல்லாமல் ஏறி, சுற்றுலா வருகிறவர்களை வாய்பிளக்க வைத்த ஜோதி ராஜ் நம் தேனி மாவட்டத்தில் பிறந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுத வேண்டும்.

ஆனால் தேசியப் பட்டத்தைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தது குன்றும் கோட்டையும் மட்டுமில்லை. அந்த ஸ்டேடியச் சுவரின் காலத்தில் அந்த ஊரிலிருந்து எழுந்த பிரவீண் சி.எம். ஒருமுறை இருமுறை அல்ல, ஒன்பது முறை தேசியச் சாம்பியன் ஆனார்.

ஒன்பது முறை என்பதை அப்படியே விழுங்கிவிட்டுப் போக முடியவில்லை. இது ஒரு தனிமனிதரின் விரல் வலுவா? ஒரு ஊருக்குச் சுவர் கிடைத்து மற்ற ஊர்களுக்குக் கிடைக்காததன் கணக்கா? இமயத்தின் மடியில் பிறந்து, நடக்கப் பழகும்போதே சரிவில் கால் வைத்தவர்களும் அதே தேசியப் போட்டிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மலையேற்ற நிலையங்கள் இருந்தன. இவர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டேடியமும் சில நூறு பிடிகளும்.

மலைப் பிள்ளைகளும் பலகைப் பிள்ளைகளும் பூட்டிய அறையிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, முன்பின் பார்த்திராத ஒரே பாதையின் கீழ் கயிறு கட்டி நின்றபோது, முதலில் வழுக்கியது யார் கை?

(தொடரும்)